மெஸ் ஒழிப்புக் கட்சிகள்

கேரியரின் மூடியைத் திறந்ததும் வாடை குப்பென்று அடித்தது. சேதுபதி சாம்பார் சோற்றில் ஒரு விரலை விட்டு எடுத்தான். நூல் விட்டது.

"இன்னைக்குமா?" என்றான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆரிப்.

"இன்னைக்கும்தான். நேத்தும்தான். நாளைக்கும் இப்பிடித்தான் வரும். எவன் கேக்குறான்?"

கேரியரை அப்படியே மணலில் கவிழ்த்தான். ஒரு காக்கா இறங்கி வந்து, எட்டிப் பார்த்துவிட்டு, வந்த வழியே பறந்து போனது.

"பாத்தியா? காக்காவுக்குக்கூட வேற எடம் இருக்கு. நமக்குத்தான் போக்கு இல்ல."

ஆரிப் கையிலிருந்த குப்பூஸ் ரொட்டியில் பாதியைக் கிழித்து நீட்டினான். சேதுபதி அதை வாங்கி, யாரையோ கடிப்பதுபோலக் கடித்தான்.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. சேதுபதிக்குச் சாரம் கட்டும் வேலை. துபாயில் எழும்பிக்கொண்டிருந்த ஒரு கட்டடத்தின் வெளிப்பக்கத்தில் தொங்கிக்கொண்டு, கை சுடும் இரும்புப் பைப்புகளை ஒன்றோடொன்று முடுக்க வேண்டும். போன வாரம் வெறும் வயிற்றோடு மேலே ஏறியவனுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கூட வேலை பார்க்கும் ஆரிப் இடுப்பு பெல்ட்டைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் அவன் கதை அங்கேயே முடிந்திருக்கும். "மயக்கமா? பானி பியோ" என்றான் ஃபோர்மேன். தண்ணீரைக் குடித்தே கட்டடம் கட்டிவிடலாம் என்று நினைக்கிற ஆள் அவன். பசியோடு ஏறுகிறவன் கீழே விழுந்தால் கம்பெனி பெட்டி வாங்கி, டிக்கெட் போட்டு, ஊருக்கு அனுப்பிவைக்கும். ஒரு வாய் நல்ல சோறு மட்டும் போடாது.

சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பில் அவர்கள் பிளாக்கில் இருநூறு பேருக்கு மேல் இருந்தார்கள். அத்தனை பேருக்கும் ஒரே மெஸ். சமையல்காரர் கௌஸ் முகம்மது ராத்திரியே உலை வைத்தால்தான் விடிவதற்குள் இருநூறு கேரியர் நிரம்பும். அந்தக் கேரியர் பஸ்ஸில் ஏறி, சைட்டில் இறங்கி, தகரக் கொட்டகையில் கிடந்து இரண்டாம் முறை வெந்து, மத்தியானம் திறக்கும்போது சோற்றுக்கு உயிர் போயிருக்கும். கௌஸ் முகம்மது என்ன, நளனே வந்து சமைத்தாலும் இதே கதிதான்.

விடிகாலையில் அவரவர் ஒரு கைப்பிடி அரிசியைப் பொங்கி எடுத்துப் போனால் மத்தியானம்வரை தாங்கும். ஆனால் ரூமில் அடுப்பு மூட்டக் கூடாது. பிளாக்குக்கு இருப்பது ஒரே கிச்சன். மெஸ் இருக்கும்வரை அது மெஸ்ஸுக்குச் சொந்தம். மெஸ் வேண்டாம் என்றால் கிச்சனில் ரூமுக்கு ஓர் அடுப்பு போட்டுத் தருவதாகக் கேம்ப் பாஸ் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கு அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். வருஷத்துக்கு ஒரு முறை பிளாக் ஓட்டுப் போட்டு மெஸ் செகரட்டரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மெஸ் வேண்டாம் என்கிறவன் ஜெயித்தால் மெஸ் கலாஸ், அன்றோடு முடிந்தது. இல்லாவிட்டால் பழைய செகரட்டரியே தொடர வேண்டும், அவர் விலகவும் முடியாது.

பழைய செகரட்டரி அருள்ராஜ், தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். எதிர்த்து நிற்க இதுவரை ஆள் இல்லாததால் வருஷா வருஷம் அவரே செகரட்டரி. திட்டுவதற்கு மட்டும் இருநூறு பேரும் இருந்தார்கள். சாம்பாரில் உப்பு கூடினால் அருள்ராஜின் அம்மாவைத் திட்டினார்கள், குறைந்தால் அப்பாவைத் திட்டினார்கள்.

"இந்த வருஷம் நான் நிக்கிறேன்," என்று அன்று சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் எழுந்து நின்று சொன்னான் சேதுபதி. "ஜெயிச்ச மறுநாளே மெஸ்ஸ இழுத்து மூடுறேன். ஊசுன சோறு திங்கிறவன் ஒக்காந்திருங்க. மானம் ரோஷம் உள்ளவன் கைதட்டுங்க."

பஸ்ஸே அதிர்ந்தது. தூங்கிக்கொண்டிருந்தவன்கூட விழித்துக் கைதட்டினான். இருநூறு பேரில் மெஸ்ஸை விரும்புகிறவன் ஒருவன்கூட இல்லை. இப்படி ஒரு தேர்தலில் தோற்பதற்குத் தனித் திறமை வேண்டும். அந்தத் திறமை நம்மவர்களுக்கு உண்டு என்பதைச் சேதுபதி அப்போது மறந்திருந்தான்.

மறுநாளே விமல் நின்றான்.

விமல் ஒரத்தநாட்டுக்காரன், கம்பி கட்டுகிறவன், பிளாக்கின் மேல்மாடியில் குடியிருந்தான். அவனும் மெஸ்ஸை மூடத்தான் நின்றான். ஒரே ஒரு வித்தியாசம். மெஸ் போனபிறகு ஒவ்வொரு ரூமும் தனித்தனியாகப் பொங்க வேண்டும் என்பது சேதுபதி கட்சி. இரண்டு ரூம் சேர்ந்து முறை வைத்துப் பொங்க வேண்டும் என்பது விமல் கட்சி.

"இது ஒரு வித்தியாசமாப்பா?" என்றான் ஆரிப்.

"பெரிய வித்தியாசம். ரெண்டு ரூம் சேந்தா அதுக்குப் பேரு என்ன? குட்டி மெஸ். அதத்தான ஒழிக்கணும்கிறோம்?"

"அடுப்பு கெடைக்கட்டும். அப்புறம் ஒத்தையாப் பொங்கு, கூட்டாப் பொங்கு, யாரு கேக்கப் போறா?"

"ஒனக்குக் கொள்கை தெரியாது ஆரிப்பு. நீ சும்மா இரு."

இரண்டு பேரும் நின்றால் ஓட்டு இரண்டாகப் பிரியும், அது ஆபத்து என்பது சேதுபதிக்கும் உறைத்தது. விமலைக் கூப்பிட்டு வாபஸ் வாங்கச் சொல்லலாம் என்று கிளம்பிக்கொண்டிருந்தபோது வாசலில் அருள்ராஜே வந்து நின்றார். லுங்கியின் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு, தயங்கித் தயங்கிப் பேசினார்.

"அண்ணாச்சி, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்கிடக் கூடாது. நீங்க ரெண்டு பேரும் நிக்கணுமா? ஒருத்தரு நின்னாப் போதும்லா? ஓட்டு சிதறிப் போவும் பாத்துக்கிடுங்க."

சேதுபதியின் மீசை துடித்தது.

"அதச் சொல்ல நீ யாருய்யா?"

"இல்ல, பேசி முடிச்சு யாராவது ஒருத்தரு..."

"எதிரி வந்து எனக்கு யோசன சொல்றியா? நீ வெலகச் சொன்னா நான் வெலகணுமா? கெளம்பிப் போய்யா!"

அருள்ராஜ் போய்விட்டார். சேதுபதி ஆரிப்பிடம் திரும்பினான்.

"பாத்தியா தந்திரத்த? நான் வெலகணும்னு வந்து கெஞ்சுறான். அப்ப நான் நின்னாத்தான் அவனுக்குப் பயம். இனி தலையே போனாலும் வெலக மாட்டேன்."

அடுத்த அரைமணி நேரத்தில் மேல்மாடியில் விமலும் இதே முடிவுக்கு வந்திருந்தான். அருள்ராஜ் அங்கேயும் போயிருந்தார்.

பேச்சுவார்த்தை மீரா சாகிப் கடையில் நடந்தது. கீழக்கரைக்காரரான மீரா சாகிப் கேம்ப் வாசலில் டீக்கடை வைத்திருந்தார். பிளாக்கில் எந்தச் சண்டைக்கும் அவர்தான் நடுவர். கல்லாவில் உட்கார்ந்தபடி பேப்பர் படிப்பார், உலக விஷயமெல்லாம் பேசுவார், டீயில் மட்டும் பாலைக் குறைத்துவிடுவார்.

"ரெண்டு பேரும் ஒரே சங்கதியத்தானே சொல்றீங்க?" என்றார். "யாராச்சும் ஒருத்தர் விட்டுக் கொடுங்களேன். இந்தா, பேப்பர்ல போட்டிருக்கான் பாருங்க. ஐரோப்பாவுல இருவது சொச்சம் நாடு சேந்து ஒரு கூட்டு வச்சிருக்கான். நம்ம மெஸ்ஸு மாதிரின்னு வச்சுக்கங்க. அதவிட்டு வெளியேறணும்னு சொல்ற கட்சி ஒரே ஊர்ல ரெண்டு மூணு இருக்காம். கூட்ட எதுக்கிறத விட்டுப்போட்டு அவனுங்களுக்குள்ளேயே அடிச்சுக்கிறானுங்க. கடசியில அந்த ஊரு இன்னும் உள்ளதான் கெடக்கு."

சேதுபதி டீயை வைத்துவிட்டுக் கேட்டான். "அங்கயும் சோறு ஊசுதா?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"ஊசலேல்ல? அப்ப அவன் பிரச்சன வேற, என் பிரச்சன வேற. விமலு, நான் ஒனக்கு மூத்தவன். நீ வாபஸ் வாங்கிக்க."

"நீங்க மூத்தவருதாண்ணே. நான் இல்லேங்கல," என்றான் விமல். "ஆனா ஊசிப்போச்சுன்னு மொதமொதல்ல சத்தம் போட்டது யாரு? நாந்தானே? நோம்புக்கு முந்தியே கேரியரக் கொண்டுபோயி கிச்சன் வாசல்ல கவுத்தேன். அப்ப நீங்க என்ன பண்ணுனீங்க? பேசாமத் தின்னுட்டுத் தூங்கப் போனீங்க."

"நான் பேசாமத் தின்னேனா?"

"ஊறுகா தொட்டுக்கிட்டுத் தின்னீங்கண்ணே. நானே பாத்தேன்."

அந்த ஊறுகாய்தான் பேச்சுவார்த்தையை முறித்தது. மனிதன் எதை வேண்டுமானாலும் பொறுப்பான், ஊசின சோற்றை ஊறுகாய் தொட்டுத் தின்றான் என்று நாலு பேர் முன்னால் சொன்னால் பொறுக்க மாட்டான். சேதுபதி எழுந்த வேகத்தில் ஸ்டூல் சாய்ந்தது.

"இனிமே எனக்கு எதிரி அருள்ராஜ் இல்லடா. நீதான்."

"எனக்கும் அதேதாண்ணே."

அதிலிருந்து மெஸ்ஸைத் திட்ட இரண்டு கட்சிக்கும் நேரமில்லாமல் போனது. விமல் அருள்ராஜிடம் கைநீட்டிக் காசு வாங்கியவன், ஓட்டைப் பிரிக்கவே நிற்கிறான் என்று சேதுபதி ரூம் ரூமாகப் போய்ச் சொன்னான். தனி அடுப்பு கேட்பதெல்லாம் தன் ஊர்க்காரர்களுக்குக் கருவாடு வறுத்துத் தருவதற்காகத்தான், பிளாக்கே நாறப் போகிறது என்று சேதுபதியைப் பற்றி விமல் சொன்னான். குளியலறை வரிசையில் இரண்டு கட்சியும் தனித்தனியாக நின்றன. பஸ்ஸில் சேதுபதி ஆட்கள் இடதுபக்கம், விமல் ஆட்கள் வலதுபக்கம். மத்தியானம் எல்லோரும் ஒரே ஊசின சோற்றைத்தான் திறந்தார்கள். ஆனால் எதிர்க்கட்சிக்காரன் பார்க்கிறானே என்று முகத்தைச் சுளிக்காமல் தின்றார்கள். அருள்ராஜை ஒருவரும் திட்டவில்லை. அவர் வாழ்நாளில் இவ்வளவு நிம்மதியான வாரம் வந்திருக்காது.

"எனக்கு ரெண்டு பேரு மேலயும் வெறுப்பு வந்துருச்சு," என்றான் ஆரிப். "நான் ஓட்டுல என் கோவத்தக் காட்டப் போறேன்."

"என்ன பண்ணுவ?"

"செருப்பப் போடுவேன்."

அது நடக்கக்கூடியதுதான். ஏனென்றால் அந்தக் கேம்ப்பில் ஓட்டு என்பது காய். பேப்பரில் எழுதினால் கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள், கையைத் தூக்கச் சொன்னால் அடிதடி வருகிறது என்று யாரோ ஒரு புத்திசாலி கிளப்பிவிட்ட வழக்கம். கிச்சனை ஒட்டிய ஸ்டோர் ரூமில் நிற்கிற ஆளுக்கு ஒரு மூட்டை வைத்திருப்பார்கள். இந்த வருஷம் அருள்ராஜுக்கு வெங்காயம், சேதுபதிக்குக் கத்திரிக்காய், விமலுக்கு உருளைக்கிழங்கு. ஒவ்வொருவராக உள்ளே போய், ஒரு காயை எடுத்து, மூடி போட்ட பெரிய எண்ணெய் டிரம்முக்குள் போட்டுவிட்டு வர வேண்டும். எண்ணி முடித்ததும் அத்தனை ஓட்டும் அன்றைய சாம்பாருக்குப் போய்விடும். ஊரில் ஓட்டுப் போட்டு வருஷக்கணக்கான ஆட்கள் இவர்கள். அங்கே தேர்தல் நாளன்று இவர்கள் இங்கே பைப் தூக்கிக்கொண்டிருப்பார்கள், இவர்கள் பேரில் வேறு எவனாவது போட்டுவிட்டுப் போயிருப்பான். இவர்களுக்கென்று மிச்சம் இருந்தது இந்த ஒரு காய்தான். அதையாவது ஒழுங்காகப் போட்டிருக்கலாம்.

வியாழக்கிழமை சாயங்காலம் சேதுபதியின் ரூமில் ஆள் கூடியது. தலையை எண்ணிப் பார்த்தார்கள். விமலுக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்போல் தெரிந்தது. மேல்மாடியில் விசில் சத்தம் வேறு கேட்டது.

"அவன் ஜெயிச்சா என்ன? மெஸ்ஸு போயிரும்ல?" என்றான் ஆரிப்.

"போகும். ஆனா எவன் பேரச் சொல்லிப் போகும்? அடுப்பு வாங்கித் தந்தது விமலுன்னு இந்தப் பிளாக்கே பேசும். காலத்துக்கும் அவன் மொகத்துல முழிச்சிட்டு நான் ஒல வைக்கணுமா? ஊறுகாய்னு சொன்ன வாயிய்யா அது!"

சேதுபதி கட்டிலில் ஒரு காலைத் தூக்கிவைத்தான். முகம் சிவந்திருந்தது.

"கேட்டுக்கங்க. நாளைக்கு நம்ம ஆளு ஒருத்தன்கூடக் கத்திரிக்காயத் தொடக் கூடாது. எல்லாரும் வெங்காயம் போடுங்க."

"அருள்ராஜுக்கா!"

"அருள்ராஜுக்குத்தான். அவன் இன்னும் ஒரு வருஷம் இருந்துட்டுப் போகட்டும். ஊசுன சோறு நமக்கென்ன புதுசா? அடுத்த வருஷம் பாத்துக்கலாம். ஆனா விமலு மட்டும் வந்துரக் கூடாது."

"எதிரிக்குச் சகுனத் தடையா இருக்கட்டும்னு மூக்க அறுத்துக்கிட்டவன் கததான் இது," என்றான் ஆரிப்.

"அறுப்பேன். என் மூக்கு, நான் அறுப்பேன்."

"போன வாரம் மயங்குனது நீதான் சேது. மறந்துறாத."

"ஞாபகம் இருக்கு. மயங்குனாலும் விமலு ஆக்குன சோத்துல எந்திரிக்க மாட்டேன். போதுமா?"

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ஓட்டு ஆரம்பித்தது. ஸ்டோர் ரூம் வாசலில் கௌஸ் முகம்மது ஒரு எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு காய் எடுக்கிறவனைப் பிடிப்பது அவர் வேலை. முதல் ஆளாக அருள்ராஜ் போய்விட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே வந்தார். "வெக்கமில்லாம தனக்குத்தானே போட்டுட்டு வர்றான் பாரு," என்றான் சேதுபதி.

தன் முறை வந்து உள்ளே போனபோது சேதுபதிக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. கத்திரிக்காய் மூட்டை கட்டவிழ்ந்து, நிறைந்து கிடந்தது. ஒன்றை எடுத்தான். நல்ல பிஞ்சு. அரைநிமிஷம் கையில் வைத்திருந்தான். இதைப் போட்டால் ஒருவேளை நாளை மறுநாள் விடிகாலையில் தன் அடுப்பில் தன் உலை கொதிக்கும், மத்தியானம் வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டுவிட்டுத் தெம்பாக மேலே ஏறலாம். அப்போது ஊறுகாய் ஞாபகம் வந்தது. கத்திரிக்காயை வீசிவிட்டு ஒரு வெங்காயத்தை எடுத்து டிரம்முக்குள் ஓங்கி எறிந்தான். அடிபட்டது தன் தலைதான் என்பது அந்த மடையனுக்குத் தெரியவில்லை.

ஆரிப் உள்ளே போகும்போது இரண்டு செருப்போடு போனான், வரும்போது ஒற்றைச் செருப்போடு வந்தான். கடைசியாகக் கௌஸ் முகம்மதும் எழுந்து போய்த் தன் ஓட்டைப் போட்டார்.

எண்ணுவதற்கு மீரா சாகிப் கடையைப் பூட்டிக்கொண்டு வந்திருந்தார். நாலு பேர் பிடித்து டிரம்மை வராந்தாவில் கவிழ்த்தார்கள்.

வெங்காயம் கொட்டியது. வெங்காயமாகவே கொட்டியது. உருண்டு வாசல்படி தாண்டி ஓடியது, கால்களுக்கிடையில் புகுந்தது, வாளிகளுக்கு அடியில் போனது. மீரா சாகிப் குனிந்து இரண்டு கையாலும் குவியலைத் துழாவினார்.

"என்னப்பா இது? மண்டிக்கு லோடு எறக்குன மாதிரி இருக்கு?"

அடியிலிருந்து ஒரு ரப்பர் செருப்பு வந்தது.

"அது என் ஓட்டு," என்றான் ஆரிப். "எண்ணிட்டுக் குடுத்துருங்க பாய், நாளைக்கி டூட்டி இருக்கு."

"செருப்பு செல்லாது."

"செல்லாட்டி என்ன, என் கோவம் பதிவாகிருச்சுல்ல? அது போதும்."

அதற்கப்புறம் இரண்டு கத்திரிக்காய் வந்தன. எவ்வளவு துழாவியும் உருளைக்கிழங்கு ஒன்றுகூட வரவில்லை. மீரா சாகிப் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு அறிவித்தார்.

"சேதுபதி ரெண்டு. விமல் இல்ல. செருப்பு ஒண்ணு. மிச்சம் பூரா அருள்ராஜு. இந்தக் கேம்ப்பு பொறந்ததுலேருந்து இப்படி ஒரு ஜெயிப்ப நான் பாத்ததில்ல."

"ரெண்டு!" என்று கத்தினான் சேதுபதி. "பாத்தியாடா விமலு? எனக்கு ரெண்டு, ஒனக்குச் சைபரு!"

விமல் வெங்காயக் குவியலையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம்தான் சேதுபதிக்கும் கணக்கு இடித்தது.

"ஏண்டா, ஒன் ஆளுக பூரா எங்கடா போட்டான்?"

விமல் காலால் ஒரு வெங்காயத்தைத் தள்ளினான். "ஒங்களுக்குத்தான் கூட விழும்னு பேசிக்கிட்டாங்கண்ணே. நீங்க மட்டும் வந்துடக் கூடாதுன்னு... வெங்காயம் போடச் சொல்லிட்டேன்."

"ஒன் ஓட்டு?"

"நானும் வெங்காயந்தாண்ணே. நீங்க?"

சேதுபதி குனிந்து ஒரு வெங்காயத்தை எடுத்துக் காட்டினான். வராந்தாவில் இருநூறு பேர் நின்றார்கள். பிறகு ஒருவன் அடுத்தவனைப் பார்த்து "நீயாடா?" என்றான், அவன் இன்னொருவனைப் பார்த்து "நீயுமாடா?" என்றான். வெங்காயம் போட்டவனைத் தேடி வெங்காயம் போட்டவர்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். வாட்ச்மேன் வந்து "யல்லா, யல்லா, ரூமுக்குப் போ" என்று விரட்டும்வரை அது நடந்தது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். ஜெயித்த அருள்ராஜைத் தேடினால், அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு கிச்சனுக்குள் போய்விட்டிருந்தார். ஆனந்தக் கண்ணீர் என்று பேசிக்கொண்டார்கள்.

ரூமுக்கு வந்த சேதுபதி கட்டிலை உதைத்தான். கட்டில் இரும்பு. காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். நாளை விடியும், கேரியர் நிரம்பும், மத்தியானம் நூல் விடும், வெறும் வயிற்றோடு அந்தப் பைப்பில் ஏற வேண்டும். நாளைக்கு மட்டுமல்ல, இன்னும் ஒரு முழு வருஷத்துக்கு. எவன் மேல் கோபப்படுவது என்று தெரியாத கோபம் இருக்கிறதே, அதைப்போலக் கொடுமை கிடையாது.

அப்போதுதான் அந்த இரண்டு கத்திரிக்காயும் நினைவுக்கு வந்தன.

"ஆரிப்பு, நானே எனக்குப் போடலய்யா. நானே போடாத எனக்கு எவனோ ரெண்டு பேரு போட்டிருக்கான். என் பேச்சயும் மீறி! இந்தப் பிளாக்குல ரெண்டு பேரு மனுசன்யா! நீயா?"

"என் ஓட்டத்தான் ஊரே பாத்துச்சே. இன்னும் பாய்கிட்டதான் இருக்கு."

சேதுபதி நொண்டியபடி ரூம் ரூமாகப் போனான். ஒவ்வொரு கதவையும் தட்டினான். "கத்திரிக்கா போட்டது யாருப்பா? பயப்படாமச் சொல்லு, ஒண்ணும் செய்ய மாட்டேன்," என்றான். அவன் அதட்டலுக்குப் பழகியவர்கள் நடுங்கிப்போய், "வெங்காயந்தாண்ணே! தாயறியச் சத்தியம்! நீங்க சொன்னத மீறுவமா?" என்றார்கள். கடைசி ரூமில் ஒருவன் சாமி படத்தையே எடுத்து வந்து சூடம் அணைக்கத் தயாரானான்.

ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. சேதுபதிக்குக் கண் கலங்கிவிட்டது. கொள்கைக்காக நின்றவர்கள் தங்களைக் காட்டிக்கொள்ள மாட்டார்கள், அவர்கள் பிறவி அப்படி என்று நினைத்துக்கொண்டான்.

நேரே கிச்சனுக்குப் போனான். கௌஸ் முகம்மது அன்றைய ஓட்டையெல்லாம் பலகையில் போட்டு நறுக்கிக்கொண்டிருந்தார். ஆளுயரத்துக்கு வெங்காயம் குவிந்து கிடந்தது. கண்ணும் மூக்கும் ஒழுகின. ஒரு மூலையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து அருள்ராஜ் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவர் தோளும் குலுங்கியது. வெங்காயம் உரித்தால் யாருக்கும் கண்ணீர் வரும் என்று சேதுபதி அதைப் பொருட்படுத்தவில்லை.

"பாய், வாசல்ல ஒக்காந்திருந்தது நீங்கதான. உள்ள போனவன் மொகத்தப் பாத்தே சொல்லிருவீங்க. இந்த மெஸ்ஸ மூடணும்னு உண்மையாவே நெனச்சு எனக்குப் போட்டானே ரெண்டு பேரு, அவன் யாரு? பேர மட்டும் சொல்லுங்க. அவன் கால்ல விழுந்து கும்பிட்டுட்டுப் போறேன்."

கௌஸ் முகம்மது கத்தியைக் கீழே வைத்தார். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஒண்ணு நான் போட்டதுண்ணே. இன்னொண்ணு, அந்தா மூலையில ஒக்காந்து அழுவுறாரே, அருள்ராஜ் அண்ணன், அவரு போட்டது."